வழிபாட்டின் மெய்ம்மை: தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் வாழ்க்கைவழி ஓர் ஆய்வு

முன்னுரை

கிறித்தவ சமயத்தில் மெய்யான வழிபாடு எது என்னும் வினாவிற்கு வேதாகமம் தரும் விடைகளுள் பெரிதும் எடுத்தாளப்படுவது யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் உள்ளது. யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்திருந்த இயேசு, சமாரியப் பெண் ஒருத்தியிடம் தண்ணீர் கேட்கிறார். யூதர் சமாரியரோடு புழங்காத காலம் அது. தொழத்தக்க இடம் தம் முன்னோர் தொழுத மலையா, யூதர் கூறும் எருசலேமா என்னும் ஐயத்தை அவள் எழுப்புகிறாள். இடம் முதன்மையன்று, ஆவியோடும் உண்மையோடும் தொழுவதே இறைவன் நாடும் தொழுகை என்பது அவளுக்குக் கிடைக்கும் விளக்கம். இப்பகுதிக்குப் பொருள் காண்போர் பெரும்பாலும் உள்ளத் தூய்மையையே வலியுறுத்துவர். ஒருவர் கலத்தை மற்றவர் தொடாத இரு மக்களுக்கிடையே இவ்வுண்மை உணர்த்தப்பட்டது என்பது அத்துணைக் கவனம் பெறுவதில்லை.

உள்ளத்தின் உண்மை, உடனிருத்தலின் உண்மை ஆகிய இவ்விரண்டும் ஒருவர் வாழ்விலேயே முரண்பட்டு நின்றதற்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 - 1864) சான்றாவார். புதின ஆசிரியராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையினின்று வேறான இவர், சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர். சுவிசேடக் கவிராயர் என்று போற்றப்பட்டவர். இவரைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் சிற்றிலக்கியப் பங்களிப்பையே பேசுகின்றன. இவருடைய சாதி நிலைப்பாட்டை டென்னிஸ் ஹட்சன் முதலிய வரலாற்றாய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். இவ்விரு செய்திகளையும் தனித்தனியே வைத்துப் பார்க்கும்போது ஒருபுறம் பெருங்கவிஞரும் மறுபுறம் பழமைவாதியும் தென்படுகின்றனர். இரண்டும் வழிபாட்டின் மெய்ம்மை பற்றிய ஒரே வினாவிற்கு அவர் தந்த விடைகள் என்பதையும், அவ்விடையின் ஆற்றலும் குறையும் ஒரே வேரில் தோன்றியவை என்பதையும் நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

பிறப்பும் வளர்ப்பும்

வேதநாயகர் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் அருணாசலம் சைவ மரபினின்று கத்தோலிக்க மறைக்கு வந்து தேவசகாயம் எனப் பெயர் பெற்றவர். பின்னர்ச் சீர்திருத்தச் சபையில் இணைந்தார். தாயார் ஞானப்பூ அம்மையார். சைவம், கத்தோலிக்கம், சீர்திருத்தச் சபை என ஒரு தலைமுறைக்குள் மூன்று வழிபாட்டு முறைகளைக் கண்ட குடும்பம் அது. எதைத் தொழுவது, எவ்வாறு தொழுவது என்னும் வினாக்கள் இச்சிறுவனின் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்தன எனலாம்.

தஞ்சையில் பணியாற்றிய செருமானிய மிஷனரி சுவார்ட்ஸ், பாளையங்கோட்டைக்கு வந்தபோது ஏறத்தாழப் பன்னிரண்டு வயதினராக இருந்த வேதநாயகரின் அறிவுத்திறத்தைக் கண்டு தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். தஞ்சை இளவரசர் சரபோஜியும் அக்காலத்தில் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் இருந்தவரே. அரசவாரிசும் உபதேசியார் மகனும் ஓர் ஆசிரியரின் நிழலில் வளர்ந்த இவ்வுறவு பிற்காலத்தில் கவிஞருக்குத் துணையாக நின்றது. வேதநாயகர் தரங்கம்பாடிக்கும் சென்று அங்கிருந்த மிஷனரிகளிடம் இறையியலோடு வானியல், புவியியல் முதலிய மேலைக் கலைகளையும் கற்றார். 1794ஆம் ஆண்டளவில், இருபது வயதை எட்டும் பருவத்தில், தஞ்சை மிஷன் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார்.

1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். தம்மை வளர்த்தவருக்கு அரசர் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு சலவைக்கல் நினைவுச் சிற்பம் அமைத்தார். மரணப்படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸின் கையை அரசர் பற்றியிருக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. வேதநாயகரோ தம் ஆசிரியர் விட்டுச்சென்ற சபை வழக்கங்களையே அவருடைய நினைவாகக் கொண்டார். பின்னாளில் அவ்வழக்கங்களுள் ஒன்றையும் விட்டுக்கொடாமல் அவர் போராடியமைக்கு இம்மனநிலை ஒரு காரணமாகும்.

குறவஞ்சியில் கண்ட தொழுகை

1800ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட பெத்லகேம் குறவஞ்சி இவருடைய நூல்களுள் தலைசிறந்தது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி தோன்றிய நெல்லை நாட்டில் பிறந்து, குறவஞ்சி நாடகங்களை அரங்கேற்றிய தஞ்சையில் வளர்ந்தவருக்கு அவ்வடிவம் இயல்பாகவே கைவந்தது. பவனி வரும் தலைவராகப் பெத்லகேம் நாதரையும், அவர்பால் காதல் கொள்ளும் தலைவியாகத் திருச்சபையாகிய தேவமோகினியையும் அவர் அமைத்தார். குறி சொல்லும் குறத்தி விசுவாசத்தின் உருவம். சிங்கனும் நூவனும் நற்செய்தி வலை கொண்டு ஆன்மாக்களைத் தேடும் திருப்பணியாளர்கள். குறவஞ்சிக்குரிய மலைவளமும் நாட்டுவளமும் உலகப் புவியியலாக விரிகின்றன. ஞாயிற்றைக் கோள்கள் சுற்றுகின்றன என்னும் கோப்பர்நிக்கஸ் கொள்கையும் நூலுள் இடம்பெறுகிறது.

வழிபாட்டு நோக்கில் இந்நூலின் சிறப்பு இரண்டாகும். முதலாவது, இறைவன்பால் கொள்ளும் அன்பை அறிவுரையாகக் கூறாமல் காதலாகவும் ஏக்கமாகவும் பாடியது. தேவார, திருவாசக, பிரபந்த மரபுகளில் வளர்ந்த தமிழ் உள்ளத்திற்கு இறையன்பின் மொழி அதுவே. வேதாகமத்திலும் உன்னதப்பாட்டு அம்மொழியையே பேசுகிறது. இரண்டாவது, நூலின் நடுக்காட்சி. பிரிவால் வாடும் தலைவிக்குத் தோழியரின் சந்தனமும் தென்றலும் தீர்வு தருவதில்லை. ஊர் ஊராக அலையும் குறத்தி வந்தே தீர்வு தருகிறாள். தலைவி தன் கையை அவளிடம் நீட்டுகிறாள். அவள் அக்கையைப் பற்றிக் குறி சொல்கிறாள். உயர்குடித் தலைவியின் கையைக் குறமகள் தொடுவது குறவஞ்சி இலக்கியத்தின் பொது மரபே. ஆயினும் அம்மரபை எடுத்து, தலைவியைத் திருச்சபையாகவும் குறத்தியை விசுவாசமாகவும் அமைத்தபோது, சமூகத்தின் விளிம்பில் நிற்பவளின் கை படாமல் திருச்சபை தன் தலைவரை அறியவியலாது என்னும் பொருளும் நூலுக்குள் புகுந்துவிடுகிறது. கவிஞர் இப்பொருளைக் கருதினாரா என்பது வேறு வினா. பனுவல் அதனைச் சொல்கிறது.

வழிபாட்டிற்குள் வந்த தமிழ் வடிவங்கள்

வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை இயற்றியபோது புலவர் அவையை முன்னிறுத்தினார். வேதநாயகர் முன்னிறுத்தியது சபை. அதனால் அவர் தேர்ந்த வடிவங்கள் காப்பியத்திற்குரியவை அல்ல; ஞான நொண்டி நாடகம், ஞான ஏற்றப்பாட்டு, சாஸ்திரக் கும்மி, ஞானத்தச்ச நாடகம் என்னும் பெயர்களே அவ்வடிவங்கள் எங்கிருந்து வந்தவை என்பதைக் காட்டும். வயலில் ஏற்றமிறைப்போர் பாட்டும், பெண்டிர் கைகொட்டிப் பாடும் கும்மியும், தெருவில் ஆடும் நொண்டி நாடகமும் அவர் கையில் இறைப்புகழாயின. செபமாலையில் அன்றாடத் தொழுகைக்குரிய பாடல்களைத் தொகுத்தார். குடும்பத்தாரோடும் மாணவரோடும் ஊர்களுக்குச் சென்று இவற்றைப் பாடியும் விளக்கியும் நிகழ்த்தினார்.

அக்காலச் சபைகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் செருமானியப் பாடல்களின் மொழிபெயர்ப்புகளே. அவை மேலைநாட்டு மெட்டுகளில் அமைந்தமையால் தமிழ்ச் சொல்லின் குறில் நெடில் அளவு மெட்டிற்கேற்ப நீண்டும் குறுகியும் சிதையும். நம்புவோர் அவற்றை மனப்பாடமாகப் பாடினர். ஆனால் துயரிலும் மகிழ்விலும் தாமாக வாயில் எழும் பாட்டு வேறாக இருந்தது. வேதநாயகர் இராகமும் தாளமும் அமைந்த கீர்த்தனைகளால் இவ்விடைவெளியை அடைத்தார். மனம் தானாகப் பாடும் இசையில் பாடப்படும்போதே தொழுகை உண்மையாகும் என்பது அவர் தம் படைப்பால் நிறுவிய கருத்து. வழிபாட்டின் நேர்மைக்கு அவர் தந்த விடையின் வலிமை இதுவாகும்.

புதிய மிஷனரிகளோடு நேர்ந்த வழக்கு

சுவார்ட்ஸின் வளர்ப்பு மகனெனத்தக்க யோவான் கஸ்பார் கோல்ஹாப் தஞ்சைச் சபையைப் பழைய வழக்கப்படியே நடத்திவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் காற்பகுதியை ஒட்டி வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் அவ்வழக்கங்களை ஐயுற்றனர். தஞ்சையில் ஹாப்ரோ அவர்களுள் முதன்மையானவர். வேறிடத்தில் பணியாற்றிய ரேனியஸ், பப்ரிசியஸின் தமிழ் வேதாகமத்தைத் திருத்தியமைக்க முற்பட்டார்.

வேதநாயகரும் அவரைச் சார்ந்த தஞ்சைக் கிறித்தவர்களும் புதியவர்கள்மீது நான்கு குறைகளைச் சுமத்தினர். வழங்கிவந்த வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினர்; சாதி வேறுபாடின்றி அனைவரையும் ஒன்றாக இருக்கக் கட்டாயப்படுத்தினர்; மலர் முதலியவற்றால் சிறப்புநாள்களை அணிசெய்வதை விலக்கினர்; தமிழிசைக் கீர்த்தனைகளை ஆராதனையினின்று நீக்கினர் என்பன அவை. இந்நான்கையும் அவர்கள் ஒரே வரிசையில் வைத்தமை ஆய்வுக்குரியது. முதலாவதும் மூன்றாவதும் நான்காவதும் ஒரு மக்கள் தம் மொழியாலும் மலராலும் இசையாலும் தொழும் உரிமை பற்றியவை. சிறுவயது முதல் மனனம் செய்து, மரணப்படுக்கையிலும் சொல்லிவந்த வேதச் சொற்கள் திடீரென மாறும்போது தொழுவோனின் உள்ளம் தடுமாறுவது இயல்பே. இக்குறைகளில் நியாயம் உண்டு. இரண்டாவது குறையோ தொழும் உரிமை பற்றியதன்று. பிறர் எங்கே அமர்ந்து தொழவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பற்றியது. நான்கையும் முன்னோர் வழக்கம் என்னும் ஒரே பெயரால் கட்டியதால் நியாயமும் நியாயமின்மையும் ஒரே கட்டுக்குள் அடங்கின.

இருக்கையும் திருவிருந்தும்

தஞ்சைச் சபையில் வேளாளர் ஒருபுறமும் பறையர் மறுபுறமும் அமர்ந்தனர். திருவிருந்துக்கு வரும் வரிசையிலும் முன்பின் இருந்தது. பழைய மிஷனரிகள் இதனை விரும்பி ஏற்றவர்கள் அல்லர். காலப்போக்கில் தானே தேயும் என்று பொறுத்திருந்தவர்கள். அப்பொறுமையை வேதநாயகர் ஒப்புதலாகக் கொண்டார். சாதியைத் திருத்த முயல்வது பேதைமை என்று வாதிடும் உரைநடை நூலொன்றை 1829இல் எழுதினார். சாதி என்பது உலகியல் ஒழுங்கேயன்றி மறைக்கொள்கை அன்று. ஐரோப்பியரிடத்தும் குடிப்பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு. தூய்மையும் உணவும் பற்றிய வழக்கங்களைக் கைவிடச் செய்வது விசுவாசத்திற்கு வேண்டாத சுமை என்பன அவருடைய வாதத்தின் சாரமாகும்.

இவ்வாதத்தை அவருடைய படைப்புகளோடு வைத்து நோக்கும்போது முரண் புலப்படுகிறது. சாஸ்திரக் கும்மியில் சகுனம் முதலிய குருட்டு நம்பிக்கைகளை எள்ளி நகையாடியவர் அவர். கோள்களின் இயக்கத்தை அறிவியல் நோக்கில் பாடியவர். வழக்கம் என்பதனாலேயே ஒன்று உண்மையாகாது என்பதை அறிந்தவர். அவ்வறிவைத் தாம் அமர்ந்த பாய்க்கும் எதிர்ப்புறத்துப் பாய்க்கும் இடையிலிருந்த வெளிமீது அவர் செலுத்தவில்லை. ஏற்றப்பாட்டின் மெட்டு வழிபாட்டின் நடுவே வந்தது. ஏற்றமிறைத்த கைகளுக்குரியோர் வழிபாட்டின் ஓரத்தில் இருந்தனர். குறத்தியின் கை தலைவியைத் தொடுவதைப் பாடிய கவிஞர், சபையில் அத்தீண்டலை மறுத்தார்.

சாதி உலகியல் சார்ந்தது, வழிபாடு உள்ளம் சார்ந்தது என்னும் பிரிப்பை வேதாகமமும் ஏற்பதில்லை. சபைக்குள் வரும் செல்வனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் கீழிடமும் காட்டுவதை யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் வெளிப்படையாகக் கண்டிக்கிறது. திருவிருந்தில் பிரிவினையோடு உண்பது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்னும் கருத்தைக் கொரிந்தியருக்கான முதல் நிருபத்தில் பவுல் முன்வைக்கிறார். சகோதரனோடு ஒப்புரவாகாமல் பலிபீடத்திற்குக் கொண்டுவரும் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்புமாறு மலைப்பொழிவு பணிக்கிறது. இம்மூன்று இடங்களிலும் அடுத்தவரோடு நிற்கும் நிலை வழிபாட்டின் புறச்சூழலாகக் கருதப்படவில்லை. வழிபாட்டின் உண்மையை அளக்கும் கோலாகவே கருதப்படுகிறது.

ஆணையும் பிளவும்

1826ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் திருநாளை ஒட்டிப் பேராயர் ஹீபர் தஞ்சைக்கு வந்தார். சாதி வழக்கத்தைப் பொறுமையோடு விசாரிக்க விரும்பியவர் அவர். ஆனால் ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் எதிர்பாராது மறைந்தார். தஞ்சையில் ஹாப்ரோவுடனான பூசல் முற்றி, வேதநாயகர் மிஷன் பணியினின்று விலக்கப்பட்டார். அப்போது அவருக்கு ஆதரவளித்தவர் உடன்வளர்ந்த சரபோஜி மன்னரே. கிறித்துவைப் பாடியதற்காக அன்றி, கிறித்தவச் சபையோடு கொண்ட பூசலால் வாழ்வூதியம் இழந்த கிறித்தவக் கவிஞரைக் கிறித்தவரல்லாத அரசர் புரந்தார். அவ்வாதரவும் நீண்டநாள் நிலைக்கவில்லை. 1832இல் மன்னர் மறைந்தார்.

1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சை, வேப்பேரி முதலிய இடங்களில் வேளாளக் கிறித்தவர் பலர் சபையைவிட்டு வெளியேறினர். 1835இல் பேராயர் தாமே தஞ்சைக்கு வந்தும் பிளவு முழுமையாக ஆறவில்லை. 1840க்குப் பின் வந்த செருமானிய லுத்தரன் மிஷன் சாதி வழக்கத்தில் கடுமை காட்டாமையால், விலகியவருள் பலர் அச்சபையை நாடினர்.

புதிய மிஷனரிகள் கண்ட உண்மை பெரிது. ஆயினும் அவர்கள் அதனைச் செலுத்திய முறையில் ஒரு குறை இருந்தது. உடனிருத்தலைக் கோரியவர்கள், அவ்வாறு உடனிருப்போர் எம்மொழியில், எவ்விசையில் தொழுவர் என்பதைத் தாமே முடிவுசெய்தனர். மக்களின் இசையை நீக்கிக்கொண்டே மக்களின் ஒற்றுமையைக் கட்ட முயன்றனர். அதனால் ஒற்றுமை என்பது தமிழ்ச் சபையின் மனந்திரும்புதலாகத் தோன்றாமல் அயலார் ஆணையாகத் தோன்றியது. எதிர்ப்போருக்கு அது வாய்ப்பாகவும் அமைந்தது.

கீர்த்தனைகள் அடைந்த இடம்

வேதநாயகர் நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் முதுமையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்ட் வெப், தமிழ்ச் சபைகளுக்குத் தமிழிசையே பொருந்தும் என்று கண்டு, வேதநாயகரிடமிருந்து பாடல்களையும் மெட்டுகளையும் பெற்று, 1853இல் கிறித்தவக் கீர்த்தனை நூலொன்றை வெளியிட்டார். அதில் பெரும்பகுதி வேதநாயகர் பாடல்கள். ஆராதனையினின்று விலக்கப்பட்ட பாடல்கள் ஆராதனை நூலாயின. இன்றுவரை வழங்கும் தமிழ்க் கீர்த்தனைத் தொகுப்புகளுக்கு அந்நூலே அடித்தளம்.

அப்பாடல்களை ஏற்ற மதுரை மிஷன் சாதிக்கு இடங்கொடாத மிஷன் என்பது இங்கு நினையத்தக்கது. 1847இல் அது தன் பணியாளர் அனைவரும் சாதி வேறுபாட்டைக் கைவிட்டு ஒன்றாக உண்ண வேண்டும் என்று வலியுறுத்தியது. மறுத்த பலர் பணியை இழந்தனர். ஆறாண்டுகளில் அதே மிஷன் வேதநாயகரின் கீர்த்தனைகளைத் தன் சபைகளில் பாடவைத்தது. தஞ்சையில் எதிரெதிரே நின்ற இரண்டு உண்மைகளும் மதுரையில் ஒரே கூரையின்கீழ் வந்தன. கவிஞர் எவரோடு சேர்ந்து அமர மறுத்தாரோ அம்மக்களும் அவருடைய பாடல்களைத் தமக்குரியனவாக்கிப் பாடினர். 1864ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள், தம் எண்பத்தொன்பதாம் வயதில் வேதநாயகர் மறைந்தார்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

வேதநாயக சாஸ்திரியார் வழிபாட்டின் மெய்ம்மையைத் தொழுவோனின் மொழியிலும் இசையிலும் உணர்விலும் கண்டார். தமிழ்க் கிறித்தவம் தமிழாக நிலைபெற்றதில் அவருடைய இக்கண்டடைவுக்குப் பெரும்பங்கு உண்டு.

முன்னோர் வழக்கின்பால் அவர் கொண்ட பற்றே இவ்வாற்றலுக்கும் ஊற்று, சாதி காத்த குறைக்கும் ஊற்று. எனவே அவருடைய கவித்திறத்தைப் போற்றிச் சாதி நிலைப்பாட்டை மறைப்பதும், சாதி நிலைப்பாட்டைக் காட்டிக் கவித்திறத்தை ஒதுக்குவதும் அவரை முழுமையாக அறிய உதவா.

அவருடைய நேர்மையில் ஐயமில்லை. அவர் பணியை இழந்தும் கொள்கையை விடாதவர். நேர்மையான உள்ளம் மட்டுமே வழிபாட்டை உண்மையாக்கும் என்னும் பொதுக்கருத்துக்கு அவர் வாழ்வே வலிய மறுப்பாக அமைகிறது. தன்னோடு தொழுபவரைத் தள்ளிவைக்கும் உள்ளம் எத்துணை உருக்கமாகப் பாடினும், அதன் தொழுகையில் ஒரு பாதி நிறைவுறாமலே நிற்கும்.

பெத்லகேம் குறவஞ்சி அதன் ஆசிரியரின் வாழ்வைவிட ஒருபடி முன்னே செல்கிறது. குறத்தி கைபற்றும் காட்சியைத் தமிழ்க் கிறித்தவச் சமூக வரலாற்றோடு இணைத்து வாசிப்பது, சிற்றிலக்கிய ஆய்வுக்கும் தலித் இறையியல் ஆய்வுக்கும் பொதுவானதொரு களத்தைத் திறக்கும்.